பழைய சைக்கிளை மீட்பது: எந்த வண்டி, எந்த சீட், பூவேலை எப்போது?

வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் கறுப்பு ஹெர்குலிஸ். காயலான் கடை வாசலில் ஒரு ராலே. மொட்டை மாடியில் பள்ளிக்கு ஓட்டிய கியர் சைக்கிள். மூன்றையும் சீர்செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது? இப்படிக் கேட்பவர்கள் அநேகமாக அடுத்த கேள்வியையும் சேர்த்தே கேட்கிறார்கள்: காய்ந்து சுருண்டுபோன தோல் சீட்டை என்ன செய்வது, அதில் கொஞ்சம் பூவேலை செதுக்கிப் பார்க்கலாமா?

இரண்டுக்கும் ஒரே விதியை வைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கிற பொருள் எவ்வளவு கெட்டிருந்தாலும் பரவாயில்லை. கடையில் கிடைக்காத பொருள் மட்டும் கெடாமல் இருக்கவேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துருவைப் பார்த்துப் பயந்து நல்ல வண்டியை விட்டுவிடுகிறார்கள். புதுப் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து, பாதிப் பாகங்கள் மாறிப்போன வண்டியை வாங்கிவிடுகிறார்கள்.

## எதை வைத்துத் தேர்வு செய்வது

என்ன இல்லை? இதுதான் முதல் கேள்வி. துரு என்பது உழைப்பு; ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி தீரும். ஆனால் செயின் கவரின் பாதி, ராட் பிரேக்கின் (கேபிள் இல்லாமல் கம்பியால் இழுக்கும் பிரேக்) ஒரு கொக்கி, பழைய அளவு கப் (குண்டுகள் ஓடும் கிண்ணம்), சீட்டின் இரும்புச் சட்டம் என்று காணாமல்போன பொருள்கள் மாதக்கணக்கில் அலையவைக்கும். விலை பேசும்போது ஒரு தாளில் இல்லாதவற்றை மட்டும் எழுதுங்கள். இருப்பவற்றின் அழுக்கைப் பற்றி எழுதவேண்டாம்.

டயர் அளவு. சக்கரத்தின் உயரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற எண்ணைப் படியுங்கள். 28 x 1½ என்பது நம் ஊர் கறுப்பு வண்டிகளின் அளவு. ரிம்மின் உண்மையான விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய ஹைபிரிட் சைக்கிள் டயர்களிலும் 28 என்று போட்டிருக்கும், ஆனால் அது 622, இதில் ஏறாது. அதேபோல 26 x 1⅜ வேறு (590), 26 x 1.75 வேறு (559). பின்னமாக எழுதிய அளவும் புள்ளி வைத்து எழுதிய அளவும் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தாலும் ரிம்மில் ஒன்றல்ல. 28 x 1½, 26 x 1⅜ இரண்டும் நம் நாட்டில் இன்றும் தயாராகின்றன என்பது நம் அதிர்ஷ்டம்.

உங்கள் உயரம். பழைய ரோட்ஸ்டர்கள் (நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் கனத்த வண்டிகள்) பெரும்பாலும் 22 அல்லது 24 இன்ச் பாடி. பெடல் கை சுழலும் கிராங்க் மையத்திலிருந்து சீட் பைப்பின் உச்சிவரை அளந்தால் தெரியும். சக்கரமும் பெரிது என்பதால், ஐந்தேகால் அடி உயரமுள்ளவர் 24 இன்ச் வண்டியில் பாரின் மேல் கால் போட்டு நிற்பதே கஷ்டம். குரங்கு பெடல் போட்ட வயதில் அது விளையாட்டு. நாற்பது வயதில் சிக்னலில் நிற்கும்போது விளையாட்டல்ல. எத்தனை அழகான வண்டியாக இருந்தாலும் உயரம் பொருந்தாவிட்டால் அது வரவேற்பறைக்குத்தான்.

எதற்காக? தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்டவா, ஞாயிற்றுக்கிழமைக்கா, சேகரிப்புக்கா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

## வாங்குமுன் பத்து நிமிடம்

எந்த வண்டியானாலும் இந்தச் சோதனை பொது. ஹேண்டில் நுழையும் ஹெட் பைப்புக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப் பைப்பின் அடிப்புறத்தை விரலால் தடவுங்கள். சிறு மேடோ பெயின்ட் சுருக்கமோ தட்டுப்பட்டால் வண்டி எப்போதோ நேராக மோதியிருக்கிறது. பக்கவாட்டில் தள்ளி நின்று ஃபோர்க்கைப் பாருங்கள்: மேல்பாதி, ஹெட் பைப்பின் சாய்விலேயே நேராக இறங்கி, அப்புறம்தான் முன்னோக்கி வளையவேண்டும். மேலேயே பின்னுக்கு ஒடிந்த மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது நூல் சோதனை. பின்சக்கர ஆக்ஸில் உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் பைப்பைச் சுற்றி, மறுபக்க ஆக்ஸில் இடத்துக்கே கொண்டுவந்து இழுத்துப் பிடியுங்கள். சீட் பைப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். இரண்டு மூன்று மில்லி வித்தியாசம் சாதாரணம்; அதற்கு மேல் போனால் பாடி கோணியிருக்கிறது.

பின்பு சீட் கம்பி அசைகிறதா என்று பாருங்கள். இரும்பு பைப்பில் இரும்புக் கம்பி இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் விட்டால் வழிக்கு வரும். அலுமினியக் கம்பி என்றால் வேறு கதை: உள்ளே அது பொரிந்து பருத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அறுத்து எடுக்கிற நிலைகூட வரும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு இடவலமாக ஆடுகிறதா, மேலும் கீழும் குதிக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். இடவல ஆட்டத்தைக் கோட்டம் எடுத்துச் சரிசெய்துவிடலாம். குதித்தால் ரிம் அடிபட்டிருக்கிறது.

## தேர்வு 1: நம் ஊர் கறுப்பு ரோட்ஸ்டர்

ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ, ஏவான் எல்லாம் இந்த வகைதான். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையில் ஹெர்குலிஸைத் தயாரித்தது. அட்லஸ் 1951-ல் சோனிபட்டில் பிறந்தது. அதன் கடைசி ஆலையான சாகிபாபாத் 2020 ஜூன் 3-ம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் அட்லஸ் பாடிக்கு வேண்டிய பாகங்களுக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை. இந்த வகை வண்டிகள் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றின் கப், கோன் (கப்போடு சேர்ந்து குண்டுகளைப் பிடிக்கும் கூம்பு), செயின், பிரிவீல் (பின்சக்கரப் பல்சக்கரம்) பெரும்பாலும் இன்னொன்றுக்கும் பொருந்தும். லூதியானாவில் கறுப்பு ரோட்ஸ்டர் இன்றும் தயாராகிறது. சின்ன ஊர்க் கடையில்கூட 28 இன்ச் டியூப் தொங்கும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. இவை சுமை இழுத்த வண்டிகள். பால் கேன், தண்ணீர்க் குடம், சிலிண்டர் என்று எல்லாவற்றையும் தாங்கியிருக்கும். அதனால் கேரியர் மாட்டுகிற இடத்திலும், பின் ஃபோர்க் பைப்புகள் கிராங்க் பெட்டியோடு சேருமிடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். பைப்புகள் சேருமிடத்தில் லக் என்ற உறை போட்டுப் பித்தளையால் பற்றவைத்த பாடி என்பதால், விரிசலைக் கேஸ் வைத்துப் பித்தளையாலேயே மறுபடி பற்றவைக்கலாம். அந்த இடத்தில் யாராவது ஏற்கெனவே கரண்ட் வெல்டிங் கட்டிகட்டியாக அடித்திருந்தால் அந்த வண்டியைத் தொடவேண்டாம். வெல்டிங்கின் ஓரத்தில்தான் அடுத்த விரிசல் வரும்.

இன்னொரு விஷயம்: புதிதாகக் கிடைக்கிற பாகங்கள் எல்லாமே பழையதைவிட மேல் என்று எண்ணி மொத்தமாக மாற்றாதீர்கள். பழைய கப்பையும் கோனையும் மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு ஓடிய தடத்தைப் பாருங்கள். தடம் மினுமினுப்பாக, குழியில்லாமல் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு பால்ஸை (குண்டுகளை) மட்டும் மாற்றுங்கள். ஓவராயிலில் (முழுதாகப் பிரித்துச் சீர்செய்வதில்) மிகக் குறைந்த செலவும் அதுதான், மிகுந்த பலனும் அதுதான்.

தினமும் ஓட்டவேண்டும், முதல் தடவையாகக் கை வைக்கிறேன், வீட்டு நினைவு ஒட்டிய வண்டி என்கிற மூன்றில் எது இருந்தாலும் இதுவே சரியான தேர்வு. விற்றுக் காசு பார்க்கலாம் என்கிற எண்ணம் மட்டும் வேண்டாம்.

## தேர்வு 2: இங்கிலாந்து வண்டி

ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களுக்குத் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் தனி மரியாதை உண்டு. பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாமல் போன தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தைச் சுமந்தவை சைக்கிள்கள்தான். அங்கே இன்னமும் பழைய ராலேக்களை ஓட்டத்தில் பார்க்கலாம்.

இங்கே முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, ராலே என்று எழுதிய எல்லாம் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து வந்தவை அல்ல என்பது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை அதே பெயரில் ஏராளமாகத் தயாரித்தது. அவையும் நல்ல வண்டிகள்தான். ஆனால் இங்கிலாந்து வண்டி என்று சொல்லி விற்கும் விலைக்கு உரியவை அல்ல. ஹெட் பைப்பில் உள்ள பெயர்ப்பட்டையைப் படியுங்கள். அதை மட்டும் நம்பாமல் செயின் சக்கரத்தையும் பாருங்கள். ராலேவில் நாரையின் தலைகள், ரட்ஜில் ஒரு கை, ஹம்பரில் ஓடுகிற மனித உருவங்கள், பி.எஸ்.ஏ.வில் அந்த எழுத்துகளே வெட்டப்பட்டிருக்கும். ஹம்பரின் முன் ஃபோர்க்கில் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய் இருந்தால் அது தனி அழகு. பட்டை ஒன்று சொல்லி, செயின் சக்கரம் வேறொன்று சொன்னால், அது பல வண்டிகள் சேர்ந்த வண்டி.

பின் ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மூன்று கியர் இருந்தால் உங்களுக்கு யோகம். ஹப் ஓட்டில் ஆண்டையும் மாதத்தையும் பொறித்திருப்பார்கள். 56 3 என்றால் 1956 மார்ச். வண்டியின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும் சாட்சி அது, சக்கரம் மாற்றப்படாமல் இருந்தால். நடு கியர் நேர் ஓட்டம். கீழ் கியரில் வேகம் கால்வாசி குறையும், மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஹப்புக்கு, எண்ணெய்த் துளையில் மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கேபிளைச் சரியாக முறுக்காமல் ஓட்டக்கூடாது. நடுவுக்கும் மேலுக்கும் இடையே எதுவும் பிடிக்காத ஒரு நிலை உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அது வந்தால் பாரின் மேல்தான் விழுவீர்கள். நடு கியரில் வைத்து, நட்டின் சிறு துளை வழியாக உள்ளே பாருங்கள்: கியர் கேபிளின் சிறு செயின் சேரும் கம்பியின் தடித்த பகுதி ஆக்ஸில் முனையோடு சமமாக நிற்கவேண்டும்.

முன் ஹப் தடிமனாக, உள்ளேயே மின்சாரம் எடுக்கிற டைனோஹப்பாக இருந்தால், ஆசைக்காகப் பிரிக்காதீர்கள். காந்தத்தை நடுச் சுருளிலிருந்து அப்படியே உருவினால் காந்தசக்தி குறைந்துவிடும்.

இனி மறைந்திருக்கும் செலவு. நாட்டிங்காம் ராலேவின் கிராங்க் பெட்டியில் திருகுமரை அங்குலத்துக்கு 26. உலகில் மற்றவர்கள் பெரும்பாலும் பின்பற்றிய பி.எஸ்.ஏ. அளவு 24. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், தெரியாத மெக்கானிக் 24 மரைக் கப்பை முறுக்கி ஏற்றிவிடுவார். இரண்டு சுற்று போகும், அப்புறம் பாடியின் மரையைத் தின்றுவிடும். கப் தேய்ந்திருந்தால் புதியது தேடுவதைவிட ஆக்ஸிலையும் பால்ஸையும் மட்டும் மாற்றிச் சமாளிப்பது நல்லது. கிராங்கை ஆக்ஸிலோடு பிடிக்கிற ஆப்பான காட்டர் பின்னைச் சுத்தியலால் நேராக அடிப்பதும் இப்படித்தான்: முனை மழுங்கி, அப்புறம் துளையிட்டு எடுக்கவேண்டிவரும். நட்டை மரை முனைவரை திருப்பி வைத்து, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே பலமான அடி. அதற்கென்றே உள்ள அமுக்கி இருந்தால் இன்னும் நல்லது.

கையில் பொறுமையும் இன்னொரு ஓட்டுவண்டியும் இருப்பவருக்கு இந்தத் தேர்வு. முக்கியமான பாகங்கள் எல்லாம் இருந்தால், துரு எவ்வளவு இருந்தாலும் வாங்கலாம். மட்கார்டு, செயின் கவர், சீட், பிரேக் ராட் ஆகிய நான்கில் இரண்டுக்கு மேல் காணாமல்போயிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது மலிவல்ல.

## தேர்வு 3: தொண்ணூறுகளின் ஸ்போர்ட்ஸ், மலை சைக்கிள்

பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர்., ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலிஸ் எம்.டி.பி. வகையறா. இவற்றுக்கு இன்னும் யாரும் பழமை என்ற மரியாதை கொடுக்கவில்லை. அதனால் சும்மாவே கிடைக்கும். மலை சைக்கிள் வகையில் 26 இன்ச், புள்ளி அளவு டயர் என்றால் எங்கும் வாங்கலாம். பின்னால் திருகி ஏற்றுகிற பல பல் பிரிவீலும் கிடைக்கும். கியர் உள்ளதால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவருக்கு 20 கிலோ பக்கம் எடையுள்ள ஒற்றை கியர் ரோட்ஸ்டரைவிட இது எவ்வளவோ மேல்.

செலவு வரும் இடம் பிளாஸ்டிக்தான். கியர் லீவர், பிரேக் லீவர், பெடல் எல்லாம் வெயிலில் வெளிறி நொறுங்கியிருக்கும்; ஒவ்வொன்றும் சிறு தொகைதான், கூட்டிப் பார்த்தால் ஒரு ரோட்ஸ்டர் ஓவராயிலைத் தாண்டும். ஸ்டிக்கர் போனால் போனதுதான். தோல் சீட் இதற்கு இயல்பாகப் பொருந்துவதும் இல்லை. மகளையோ மகனையோ கூட வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க, கெட்டாலும் மனம் வலிக்காத ஒரு வண்டி வேண்டுமென்றால் இதை எடுங்கள்.

| | கறுப்பு ரோட்ஸ்டர் | இங்கிலாந்து வண்டி | தொண்ணூறுகளின் வண்டி |
|---|---|---|---|
| பாகம் கிடைப்பது | எங்கும் | தேடவேண்டும். சிலது கிடைக்காது | பெரும்பாலும் கிடைக்கும் |
| டயர் | 28 x 1½ | 28 x 1½ அல்லது 26 x 1⅜ | மலை சைக்கிளில் புள்ளி அளவு 26 |
| பார்க்கவேண்டிய இடம் | கேரியர், கிராங்க் பெட்டி விரிசல் | 26 மரை, காட்டர் பின், காணாமல்போனவை | அலுமினிய சீட் கம்பி, பிளாஸ்டிக் |
| மேட்டுச் சாலை | சிரமம் | மூன்று கியர் இருந்தால் பரவாயில்லை | நன்று |
| மறுவிற்பனை | குறைவு | பாகங்கள் அசலாக இருந்தால் உண்டு | இல்லை |
| யாருக்கு | முதல்முறை, தினசரி ஓட்டம் | பொறுமையுள்ள சேகரிப்பாளர் | வீட்டுப் பிள்ளைகளோடு கற்க |

பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு வகையில், தங்கக் கோடுகள் கொஞ்சமாவது தெரிந்தால் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். மணல் அடித்துச் சுரண்டிய பின் அந்தக் கோட்டைத் திரும்பப் போட ஆள் கிடைப்பது அரிது. சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகு, அவ்வளவே. குரோம் பாகத்தின் மேல்துருவுக்கு அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். மற்ற இரும்புச் சாமான்களுக்கு ஆக்ஸாலிக் அமிலம்: பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, இரவு முழுக்க ஊறல், காலையில் சோடா உப்புத் தண்ணீரில் அலசல், உடனே எண்ணெய். அது விஷம், கையுறை வேண்டும், பிள்ளைகள் பக்கம் வைக்கக்கூடாது. அலுமினியத்தை அதில் போடாதீர்கள்.

## சீட்: பழைய தோலா, புதுத் தோலா, புது சீட்டா?

தோல் சீட்டில் உண்மையில் இருப்பது இரண்டே பொருள். இரும்புச் சட்டம்: மூக்கு, பின்தட்டு, கம்பி, சுருள் ஸ்பிரிங். அதன்மேல் தொட்டில்போலக் கட்டித் தொங்கவிட்ட ஒரு தோல். சட்டம்தான் கடையில் கிடைக்காத பொருள். தோலைப் புதிதாக வெட்டலாம். ஆகவே முதலில் சீட்டைத் தலைகீழாகத் திருப்பி, மூக்கில் உள்ள இறுக்கும் போல்ட் திரும்புகிறதா, கம்பியில் முறிவு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் போனால் மற்ற கேள்விகளுக்கே இடமில்லை. புது சீட் வாங்கிவிடுங்கள்.

பழைய தோலை மீட்பது. ரிவெட் துளைகளைச் சுற்றிக் கிழியாமல், மேலே ஆழமான வெடிப்பு இல்லாமல், காய்ந்து தொங்கியோ ஓரம் விரிந்தோ மட்டும் இருந்தால் இதுவே சரி. போல்ட்டைத் தளர்த்திவிட்டு, ஈரத்துணியால் சுற்றி வைத்து, தோல் இளகியதும் கையால் அமுக்கி வடிவம் கொடுங்கள். துணிப்பட்டையால் இறுகக் கட்டி நிழலில் காயவிடுங்கள். ஓரம் மறுபடி விரிந்தால் இரண்டு பக்க ஓரத்திலும் சிறு துளைகள் போட்டு, அடியில் வார்போட்டுக் குறுக்கே இழுத்துக் கட்டலாம். இது பழைய உத்தி. முழுதாகக் காய்ந்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள், அதுவும் அரைச்சுற்று அரைச்சுற்றாக.

வெந்நீர் ஊற்றக்கூடாது. ஈரமான தோலில் சூடு ஒரு அளவைத் தாண்டினால் நார்கள் சுருங்கி, கட்டையாக இறுகிவிடும். பிறகு எந்த எண்ணெயும் அதை மீட்காது. மதிய வெயிலில் காயவைப்பதும் பாதி வெந்நீர்தான். எண்ணெயையும் ஊற்றாதீர்கள். மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த களிம்பை மேலே மெல்லிசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் குடித்த தோல் முதல் வாரம் சுகமாக இருக்கும். அப்புறம் கிழிந்த பாய்போல் தொங்கிவிடும்.

புதுத் தோல் கட்டுவது. ரிவெட் பக்கம் கிழிந்திருந்தால் வேறு வழியில்லை. இங்கே தோலின் வகைதான் எல்லாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பெருமளவு வெளிவருவது குரோம் பதனிட்ட தோல். செருப்பு, ஷூ மேல்பாகத்துக்கு அருமை, ஆனால் நனைத்து வடித்தால் (அச்சின் மேல் வளைத்து வடிவம் கொடுத்தால்) அந்த வடிவம் நிற்காது, செதுக்கினால் பதியாது. வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம். உங்களுக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுத் தோல்களுக்கு உலகமெங்கும் பெயர் இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆட்டுத்தோலும் கன்றுத்தோலுமாக மெல்லியது. பைக்கும் உறைக்கும் சரி, உட்கார ஆகாது. சீட்டுக்கு 5 மில்லிக்குக் குறையாத மாட்டுத் தோலோ எருமைத் தோலோ, முதுகுப் பகுதியிலிருந்து வேண்டும். குதிரைச் சேணத்துக்குப் பேர்போன கான்பூரின் சேணத்தோல் பொருத்தம். சென்னையில் பெரியமேட்டுத் தோல் கடைகளில் சேணத்தோல் என்றே கேட்டுப் பாருங்கள். வயிற்றுப் பகுதியை மலிவாகக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள், அது இழுபட்டுக்கொண்டே போகும்.

சாதாரணத் தண்ணீரில் காற்றுக்குமிழி நிற்கும்வரை ஊறவைத்து, மர அச்சின் மேல் இழுத்து அடித்து நிழலில் விடவேண்டும். இரண்டு நாளுக்கு முன் கழற்றாதீர்கள். அச்சில் அடிக்கும் ஆணி இரும்பாக இருக்கக்கூடாது. பட்டையின் துவர்ப்பும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மையாகிவிடும்; கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான். ஆணி பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். பித்தளை, செம்பு ஆணி போடுங்கள். தப்பித்தவறி கறை பட்டால், துரு எடுத்த அதே ஆக்ஸாலிக் அமிலத்தை மிக நீர்த்துப் பஞ்சால் தொட்டு, உடனே தண்ணீரால் துடைத்தால் பெரும்பாலும் மங்கும்.

புது சீட். தினமும் மழையிலும் வெயிலிலும் நிற்கப்போகிற வண்டிக்கு இதுவே புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் தோல் சீட்டில் பூஞ்சணம் பிடிக்கும், நனைந்தபடி ஓட்டினால் வடிவம் போகும். பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அழுக்குத் தோல் என்று தூக்கிப் போட்டால் அந்த இரும்புச் சட்டமும் சேர்ந்தே போய்விடும்.

## பூவேலை: வடிக்கும் முன்னா, வடித்த பின்னா?

செதுக்கிய தோலை வளைப்பதில்தான் கைவேலைக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வழி மூன்று.

தட்டையாக வைத்துச் செதுக்கி, பிறகு வடிப்பது. சுத்தியலும் பூப்பதிக்கும் கருவிகளும் பயன்படுத்த இதுதான் வசதி. கோடுகள் கூர்மையாக விழும். ஆனால் செதுக்கும்போதே தோல் பக்கவாட்டில் பரவும். அதைத் தடுக்க உட்புறம் முழுக்க அகலமான பேக்கிங் டேப் ஒட்டி வைத்துச் செதுக்கி, பிறகு உரித்துவிடவேண்டும். வடிக்கும்போது மறுபடி முழுக்க நனைத்தால் செதுக்கல் எழும்பி மங்கிவிடும். அதனால் உட்புறத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, லேசாக வளைக்கலாம். கருவிப் பையின் மூடி, ஹேண்டில் வார்போல ஒரே பக்கம் வளைகிற பொருளுக்கு இது சரி. சீட் போல இரு பக்கமும் வளைந்து இழுபடும் பொருளுக்குச் சரிப்படாது. வட்டப் பூ முட்டைப் பூவாகிவிடும்.

முதலில் வடித்து, அச்சிலேயே வைத்துச் செதுக்குவது. சீட்டுக்கு இதுதான் வழி. அடியில் கெட்டியான மர அச்சு இருந்தாலும் வளைவில் அடிக்கிற கருவி வழுக்கும். சுத்தியல் வேலையைக் குறைத்து, வழவழப்பான கரண்டி முனைக் கருவியால் அழுத்தித் தேய்த்தே உருவம் கொண்டுவரவேண்டும். ஆழம் குறைவாகத்தான் வரும். இங்கே கவனிக்கவேண்டியது ஈரம். நனைந்து கறுத்த தோல் மேற்புறத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். ஆனால் கன்னத்தில் வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கும். அதுதான் சமயம். அதற்கு முன் செதுக்கினால் கோடு மூடிக்கொள்ளும், அதற்குப் பின் செதுக்கினால் கத்தி இழுக்காது.

மூன்றாவது, வளையாத இடத்தில் மட்டும் செதுக்குவது. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சீட்டை வெறுமையாக விட்டு, பின்னால் தொங்கும் கருவிப் பையின் முன்பக்கத்திலோ மட்கார்டின் கீழே தொங்கும் நாக்கிலோ ஆசை தீரச் செதுக்குங்கள். கெட்டால் ஒரு துண்டுத் தோல்தான் போகும். பெரியமேட்டில் துண்டுத்தோல் எடைக்கே கிடைக்கும்.

சீட்டிலேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், எங்கே வெட்டக்கூடாது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மூக்கிலிருந்து பின்தட்டுவரை தோல் நெடுக்காக இழுபட்டு நிற்கிறது; உங்கள் எடை முழுக்க அந்த இழுப்பில்தான். குறுக்காக ஒரு வெட்டுப் போட்டால் கிழிசல் அங்கேதான் தொடங்கும். நடுப்பகுதியில் கத்தி படாமல் அழுத்தல் வேலை மட்டும் செய்யுங்கள். வெட்டு வேண்டுமென்றால் இரு பக்கம் தொங்குகிற ஓரத்தில், தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். ரிவெட் துளைகளிலிருந்து ஒரு விரல் தள்ளியே நிறுத்துங்கள். செதுக்கிய சீட்டுக்குச் சாயம் போட்டால் முழுக்கக் காய்ந்து, மெழுகு பூசும்வரை வெள்ளை வேட்டியோடு ஏறவேண்டாம்.

வண்டியும் சீட்டும் இரண்டும் கையில் இருந்தால் சீட்டிலிருந்து தொடங்குங்கள். வடித்த தோல் அச்சில் காய்கிற இரண்டு நாளில் சக்கரம் இரண்டையும் பிரித்து, பால்ஸ் மாற்றி, கோட்டம் எடுத்து முடித்துவிடலாம்.